முதல் கதையும் முதல் வாழ்த்து அட்டையும்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் காம்பராவில், அதாவது தோட்டத்து லயத்தில் எங்களுக்கிருந்த வீட்டில், அக்காவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே மூன்று சீஆர் கொப்பிகள். கவிதை, பாதியில் நின்ற கதை, சினிமா மெட்டில் அவளே எழுதிய பாட்டு என்று மூன்றும் நிறைந்திருக்கும். கல்யாணமாகி அவள் பசறைப் பக்கம் போனபோது பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. ஒரு ஆடி மழையில் கூரைத் தகரம் ஒழுகி, கொப்பிகள் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயின. பிரித்துப் பார்த்தோம். எழுத்து இருந்த இடமெல்லாம் நீலத் திட்டு.

அதே அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் கையால் வாழ்த்து அட்டை செய்து கொடுப்பாள். பழைய கொப்பி மட்டை, கலர் பென்சில், கொஞ்சம் கோதுமை மாப் பசை, அவ்வளவுதான். இருபது வருடம் கழிந்தும் அதில் ஒன்று பக்கத்துக் காம்பரா அம்மாயியின் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் ஒரே கை செய்த வேலை. அட்டையில் ஒருவருடைய பெயர் இருந்தது, தீபாவளி என்று ஒரு தேதி இருந்தது. அதனால் முடித்தாள், கொண்டுபோய்க் கொடுத்தாள். கொப்பிக்குள் இருந்ததை யாரும் கேட்கவில்லை, எந்த நாளுக்குள்ளும் அது முடிய வேண்டியிருக்கவில்லை. புதிதாக எழுதவோ வரையவோ வரும் பிள்ளைகளிடம் அதனால்தான் நான் முதலில் கேட்பேன்: இது யாருக்கு, எப்போதைக்கு? எழுத்துப் போட்டி உங்களுக்கு ஒரு தேதியைத் தரும். பண்டிகை அட்டை ஒரு பெயரைத் தரும். இரண்டையும் ஆறு வாரத்துக்குள் செய்து வெளியே அனுப்பிவிடலாம். நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இலையைப் பறித்து வையுங்கள்

எழுத உட்காருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இலை காய நாள் எடுக்கும், அந்த நாட்களில் கதை எழுதலாம்.

அட்டையில் ஒட்டுவதற்கு நம் பக்கத்திலேயே அருமையான இலைகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது சவுக்கு இலை. தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கிறதே, அந்த மரம்தான். இலை பிரிந்து பிரிந்து சீப்புப் போல இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல மினுங்கும். அடுத்தது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து. கொழுந்தை மலையில் பறிப்பதானால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள். நாலு கொழுந்துதானே என்று நமக்குத் தோன்றும், ஆனாலும் வீண் பேச்சு வேண்டாம். தேயிலைப் பூ அழகுதான், ஆனால் காயும்போது இதழ் பழுப்பாகிச் சுருங்கிவிடும். அதைப் பார்த்து வரைவதே நல்லது.

பறித்த கொழுந்தைக் கைக்குள் வைத்துக் கசக்காதீர்கள். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டி உருட்டும்போது நசுங்கிய இடத்தில் காற்றுப் பட்டு நிறம் மாறுகிறதல்லவா, அதே வேலை உங்கள் கைக்குள்ளும் நடக்கும். வீட்டுக்கு வந்ததும் துணியால் ஒற்றி, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் பரத்தி, மேலே பலகை ஒன்று வைத்து, அதற்கு மேல் அரிசி டின்னைத் தூக்கி வையுங்கள். முதல் ஐந்து நாளும் தினம் ஒருமுறை பத்திரிகைத் தாளை மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கொழும்பில் ஒரு வாரத்தில் காயும் இலை எங்கள் ஊர் ஈரத்தில் பதினைந்து நாள் எடுக்கும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே வைத்தால் புகை வாடை ஏறும், ஓரமும் சுருளும்.

ஒரு முறை தீபாவளிக்குப் பதினாறு அட்டைகளைச் சரியாகக் காயாத இலையோடு ஒட்டி, கவரில் போட்டு மூடிவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் இலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பதினாறும் குப்பைக்குப் போயின. இப்போது இலையை உதட்டில் வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் பெய்யும். தீபாவளி வரும் ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். ஆகவே நம் பக்கம் பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே ஒரு கட்டு இலை காயவைத்து, மூடி இறுக்கமான டின்னில் வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும்.

போட்டி எங்கே இருக்கிறது

பாடசாலையில் படிப்பவர்களுக்கு நல்ல தொடக்கம் தமிழ்மொழித் தினப் போட்டி. கட்டுரை, கவிதை, சிறுகதை எல்லாம் உண்டு. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகும். தமிழ் டீச்சரிடம் வருடத் தொடக்கத்திலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை என்று டீச்சருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களின் பெயர்தான் முதலில் போகும். அமைதியாக இருக்கும் பிள்ளைகள் தாமாகப் போய்க் கேட்க வேண்டும்.

பாடசாலையை விட்டவர்கள் தங்கள் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கலாசார உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். இலக்கியப் போட்டிகளுக்கான விண்ணப்பம் அவரிடம்தான் வரும். போன் நம்பரைக் கொடுத்து, அடுத்த அறிவித்தல் வந்தால் சொல்லச் சொல்லுங்கள். வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களைப் புரட்டுங்கள். டவுன் நூலகத்தின் அறிவித்தல் பலகையையும் பாருங்கள், அமைப்புகள் நடத்தும் சின்னப் போட்டிகள் அங்கேதான் ஒட்டப்படும்.

போட்டிக்கு எழுதுவது ஏதோ பரிசுக்கு அலைவது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மலையக இலக்கியத்தின் கதை வேறு. 1960களில் வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து தோட்டத்து எழுத்தாளர்களுக்காகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுப்பாக வந்தன. தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் பரிசு பெற்றவர்களில் ஒருவர். தெளிவத்தை என்பது அவர் படிப்பித்த தோட்டத்தின் பெயர். ஒரு தோட்டத்துப் பெயரைத் தமிழ் வாசகர்கள் எல்லோரும் அறியும்படி செய்தார். அந்தக் காலத்துக் கதைகளை வாசிக்க விரும்பினால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஏராளமான ஈழத்துப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே வாசிக்கலாம்.

விதிமுறையை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை தேதிக்காக. இரண்டாவது முறை அளவுக்காக: எத்தனை சொல், எத்தனை பக்கம், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டுமா, பெயர் கதையோடு இருக்கலாமா அல்லது தனித் தாளிலா. மூன்றாவது முறை ‘வேறெங்கும் வெளிவராத’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கதையையோ கவிதையையோ பேஸ்புக்கில் போடாதீர்கள். பேஸ்புக்கில் வந்ததையும் வெளிவந்ததாகவே பல நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முடிவு வரும் வரை பொறுத்திருங்கள்.

பணம் கேட்கும் போட்டிகளில் புதியவர்கள் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ‘நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள், சான்றிதழுக்கு இவ்வளவு அனுப்புங்கள்’ என்று வட்ஸ்அப்பில் வந்தால் பதில் போடாமல் விட்டுவிடுங்கள். இன்னொன்று: எழுதியது எழுதியவருக்கே சொந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் படைப்பின் பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் அது செல்லும். ‘அனுப்பும் படைப்புகளின் சகல உரிமையும் எங்களுக்கே’ என்று விதிமுறையில் இருந்தால், உங்களிடம் இருப்பதிலேயே மிகப் பிடித்த கதையை அங்கே அனுப்பாதீர்கள்.

கதையை எழுதுவது

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘பச்சைப் பசேலென்ற மலைகள், பனி மூட்டம், சலசலக்கும் அருவி’ என்று தொடங்குகிறார்கள். இது சுற்றுலா வந்தவர் பார்க்கும் மலை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர் காலையில் எழுந்ததும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்.

சனிக்கிழமைகளில் என்னிடம் வரும் ஒரு தங்கச்சி தன் அம்மாவைப் பற்றி எழுதினாள். முதல் பிரதியில் ‘அம்மா எங்களுக்காக மிகவும் கஷ்டப்பட்டு உழைத்தார்’ என்று இருந்தது. சரி, அம்மா வேலை முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் சொன்னாள், ‘தேசிக்காய்த் தோலால் விரலைத் தேய்ப்பாங்க.’ ஏன் என்று கேட்டேன். கொழுந்துக் கறை போக என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். இரண்டாவது பிரதியில் இப்படி வந்தது: ‘அம்மா தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ரொட்டிக்கு மா பிசைவார். அப்படியும் ரொட்டியின் ஓரத்தில் விரல் பட்ட இடம் லேசாகக் கறுத்திருக்கும். நாங்கள் அந்த இடத்தைத்தான் முதலில் பிய்த்துச் சாப்பிடுவோம்.’ கஷ்டம் என்ற சொல்லே அதில் இல்லை. வாசித்து முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆகவே முதல் நாள் கதை எழுதாதீர்கள். ஒரு தாளில் ஒரு ஆளின் பெயரை எழுதி, அவர் கை செய்யும் பத்து வேலைகளை எழுதுங்கள். பத்தில் ஒன்று உங்களையே நிறுத்திப் பார்க்க வைக்கும். கதை அங்கிருந்து தொடங்கட்டும்.

நம் சொற்களை எழுதத் தயங்க வேண்டாம். பெரட்டு, அரைப்பேர், கவ்வாத்து, படங்கு, பிள்ளைக்காம்பரா இவையெல்லாம் யாழ்ப்பாணத்து நடுவருக்கோ கொழும்பு நடுவருக்கோ பழக்கமில்லாமல் இருக்கலாம். அதற்காக அடிக்குறிப்புப் போட வேண்டியதில்லை, வாக்கியமே விளக்கிவிடும். ‘ஆறரைக்குப் பெரட்டுக்குப் பிந்திப் போனதால் கணக்கப்பிள்ளை பேர் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்’ என்று எழுதினால், பெரட்டு என்றால் காலையில் ஆட்கள் கூடி வேலைக்குப் பேர் பதியும் இடம் என்று யாருக்கும் புரியும். உரையாடலில் மட்டும் பேச்சு மொழி, மற்ற இடத்தில் எழுத்து மொழி என்று வைத்துக்கொண்டால் முதல் கதைக்குச் சிக்கல் இருக்காது.

பாட்டி பாடிய தாலாட்டையோ தெம்மாங்கையோ கதைக்குள் கொண்டுவர ஆசைப்படுவீர்கள். கொண்டுவாருங்கள். சி. வி. வேலுப்பிள்ளை அந்த நாளிலேயே தோட்டத்து மக்கள் பாடல்களைத் தேடிச் சேர்த்து வைத்தவர். அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் அந்த வரிகள் பாட்டியுடையவை, அவருக்கு முந்தியவர்களுடையவை. கதையில் ஒரு பாத்திரம் பாடுவதாக வரட்டும். கவிதைப் போட்டிக்கு அதையே உங்கள் கவிதையாக அனுப்பக் கூடாது.

முதல் பிரதியை முடித்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். அரிசி டின்னுக்கு அடியில் இலை இருக்கும் அதே நாட்கள்தான். பிறகு எடுத்து, போனில் உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். எங்கே உங்கள் மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம். எங்கே கேட்கச் சலிக்கிறதோ அங்கே வெட்டலாம். நான் பார்த்தவரை முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் எடுத்துவிட்டாலே முக்கால்வாசிக் கதைகள் நன்றாகிவிடுகின்றன. முதல் பத்தியில் எழுதுபவர் சூடேறிக்கொண்டிருப்பார், கடைசியில் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்.

அனுப்புவது

கையெழுத்தில் கேட்டால் ஏ4 தாளில் நீலம் அல்லது கறுப்புப் பேனை, தாளின் இரண்டு ஓரத்திலும் இடம் விட்டு. தட்டச்சில் கேட்டால் யூனிகோடில் தட்டுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுப்பார்கள். அதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, வெறும் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். போனில் ஜிபோர்டிலோ செல்லினத்திலோ தட்டினால் அது யூனிகோடுதான். முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி, வேறொருவரின் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். துண்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள், போட்டோ கொப்பி எடுத்து அனுப்புங்கள்.

இனி முகவரி. லயத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எனக்குப் பதினேழு வயதில் ஒரு கதைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பரிசளிப்புக்கு வரச் சொல்லி வந்த கடிதம் தோட்டத்து ஆபீசில் மற்றக் கடிதங்களோடு கிடந்து, விழா முடிந்து ஒன்பது நாள் கழித்து என் கைக்கு வந்தது. அன்றைக்கு அம்மா புதுச் சட்டை தைக்கத் துணி எடுத்திருந்தார், பக்கத்து லயத்துத் திருவிழாவுக்காக. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அதிலிருந்து டவுனில் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் முகவரியை ‘மே/பா’ (மேற்பார்வை) போட்டுக் கொடுக்கிறேன். கடைக்காரர் மாமா கடிதம் வந்த அன்றே போன் பண்ணிவிடுவார். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். டீச்சர், கோயில் ஐயர், பாதர், யாராக இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் இரண்டு போன் நம்பர் எழுதுங்கள், ஒன்று சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவருடையது.

அட்டை செய்வது

இப்போது இலை காய்ந்திருக்கும்.

புத்தகக் கடையில் வெள்ளைப் பிரிஸ்டல் போட் ஒன்று வாங்குங்கள். ஏ4 அளவில் வெட்டி, அதைப் பாதியாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் 105க்கு 148 மில்லிமீற்றர் அட்டை. 114க்கு 162 அளவுக் கவர் இதற்குச் சரியாக இருக்கும். கவர் அளவை முதலில் பார்த்துவிட்டு அட்டையை வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் அட்டையின் ஓரத்தை நறுக்க வேண்டிவரும். மடிக்கும் இடத்தில் அடிமட்டம் வைத்து, எழுதாத பழைய பேனை முனையால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் விளிம்பு வெடிக்காது.

சாயத்துக்குக் காசு வேண்டாம், வீட்டுத் தேயிலை போதும். கால் கோப்பைத் தண்ணீரில் இரண்டு கரண்டி டஸ்ட் போட்டுக் கொதிக்கவைத்து வடித்தால் பழுப்புச் சாயம். தூரிகையால் ஒரு பூச்சுப் பூசினால் பனிக்குள் தெரியும் தூரத்து மலை. அது காய்ந்த பிறகு கொஞ்சம் கீழே இன்னொரு பூச்சு, கிட்டத்து மலை. மூன்றாவது பூச்சில் தேயிலைச் செடி. காயாமல் அடுத்ததைப் பூசினால் எல்லாம் ஒன்றாகிவிடும், ஆகவே நடுவில் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். கறுப்பு வேண்டுமானால் அந்தச் சாயத்தில் பாதியைப் போத்தலில் எடுத்து, துருப்பிடித்த ஆணி இரண்டும் சில துளி வினாகிரியும் போட்டு மூன்று நாள் விடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சாம்பல் கலந்த கறுப்பு மை கிடைக்கும். அந்த மையால் லயத்துக் கூரையையும் கம்பிவேலியையும் கீறினால் அவ்வளவு அழகு. தேயிலைச் சாயம் வெயிலில் நாளாவட்டத்தில் வெளிறும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

இலையை ஒட்ட வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, இலையின் அடியில் மெல்லியதாகத் தடவி, மேலேயும் ஒரு பூச்சுக் கொடுங்கள். மேல் பூச்சு ஈரத்தைத் தடுக்கும்.

அப்புறம் என்ன வரைவது? கடையில் விற்கும் பொங்கல் அட்டைகளில் வயலும் காளையும் கரும்புத் தோட்டமும் இருக்கும். நம் பொங்கல் அப்படியா இருக்கிறது? லய வாசலில் மூன்று கல் வைத்து, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளை, அந்த மிலாறை, அடுப்பில் சொருகி, பனிக்குள் புகை எழும்ப நிற்கிறது நம் பானை. அதை வரையுங்கள். கிறிஸ்மஸுக்கு, வாசலில் கட்டும் பாலன் குடிலையும் மூங்கில் நட்சத்திரத்தையும் வரையலாம். சிங்களச் சிநேகிதிக்கு வெசாக் கூடு வரைந்து, அவள் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தைச் சிங்களம் நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மை தொடுங்கள்.

பெயர்தான் இந்த அட்டையின் உயிர். ஓடர் எடுக்கும்போதே அந்த வீட்டில் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை கல்யாணத்துக்குத் ‘தர்ஷினி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் ‘தர்சினி’. ஒரே ஒரு எழுத்து, ஆனால் அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியதை நான் மறக்கவில்லை, அன்றிரவே வேறு செய்து கொடுத்தேன். வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேளுங்கள். உறையில் முழுப் பெயரும் உள்ளே செல்லப் பெயரும் எழுதினால், திறப்பவர் முகம் தனியாக மலரும். பென்சிலால் ஒரு சென்டிமீற்றர் இடைவெளியில் புள்ளி வைத்து, பெயரை நடுவில் எழுதி, சுற்றிச் சின்னதாகப் புள்ளிக் கோலம் வளைத்தால் அதுவே அலங்காரம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த வருடம் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் தீபாவளி கொண்டாட மாட்டார்கள். அந்த வீட்டுக்குப் பளபளப்பான வாழ்த்து அட்டை போகக் கூடாது. வெறும் சவுக்கு இலை ஒன்றும், ‘உங்களை நினைத்துக்கொள்கிறோம்’ என்ற ஒரு வரியும் போதும்.

உள்ளே நாலு வரி நீங்களே எழுதுங்கள். இங்கேதான் உங்கள் எழுத்தும் கையும் சந்திக்கின்றன. குவைத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு அனுப்ப ஒரு தம்பி என்னிடம் அட்டை செய்யக் கேட்டான். என்ன எழுத என்றேன். ‘உங்கட கொய்யா மரம் காய்ச்சிருக்கு, தங்கச்சி எட்டுவா’ என்று எழுதச் சொன்னான். எட்டுவா என்றால், தங்கச்சிக்கு இப்போது கிளை எட்டும் அளவுக்கு உயரம் வந்துவிட்டது. அம்மா போகும்போது அவளுக்கு எட்டவில்லை. அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் அட்டையை இரண்டு மாதம் முன்பே தபாலில் போடுங்கள், படமும் எடுத்து வைத்திருங்கள்.

விற்பதானால்

முதல் பத்து அட்டையைச் சும்மா கொடுங்கள். பதினோராவதிலிருந்து காசு வாங்குங்கள், கூச்சப்படாமல். பொருள் செலவோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்குப் பொருள் 80 ரூபா, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபா என்று வைத்தால், ஒன்றரை மணி நேர அட்டைக்கு 380 ரூபா. தபால் செலவு வேறு. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதிய அட்டையை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஆட்கள் நிறைய வருவார்கள், அந்த நேரம் பெயர் இல்லாத அட்டைகளைச் செய்து வைத்து, வாங்குபவர் கண் முன்னாலேயே பெயர் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள், பனி ஈரம் பிரிஸ்டல் போட்டை அரை மணியில் வளைத்துவிடும்.

முடிவு வந்த பிறகு

பரிசு கிடைக்காவிட்டால் கதையை மறுபடி ஒரு தடவை வாசித்து, திருத்தி, அடுத்த போட்டிக்கோ ஒரு பத்திரிகைக்கோ அனுப்புங்கள். நான் ஒரே கதையை மூன்று இடத்துக்கு, ஒன்று முடிந்த பிறகு ஒன்றாக அனுப்பியிருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் வேண்டாம். பரிசு கிடைத்தால், எந்தத் தேதி எந்தப் போட்டி என்று எழுதிச் சான்றிதழைக் கவருக்குள் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். கதையின் பிரதி ஒன்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

கதை யாருடைய கையைப் பார்த்து எழுதப்பட்டதோ அவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தங்கச்சி தன் ரொட்டிக் கதையை அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்தாளாம். அம்மா கேட்டுவிட்டு, தேசிக்காய் இல்லாத நாளில் புளி போட்டும் தேய்ப்பேன், அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாராம். அதையும் சேர்த்துத்தான் அனுப்பினாள்.

இந்த ஞாயிறு மலையில் வேலை இருக்காது. வெயில் ஏறி, இலையில் பனி உலர்ந்த பிறகு, பதினொரு மணி அளவில் போய்ச் சவுக்கு இலை பத்தும் கொழுந்து ஐந்தும் பறித்து வாருங்கள். பத்திரிகைத் தாளின் ஓரத்தில் அன்றைய தேதியையும், அட்டை போகவேண்டிய ஆளின் பெயரையும் எழுதிவிட்டு அரிசி டின்னை மேலே தூக்கி வையுங்கள்.